நரிவெங்காயத்தின் நேர்கோடு

அரைகுறையாகப் படித்தவர்களால் ஒரு குடும்பத்துக்கு வரும் கேடு, ஒன்றுமே படிக்காதவர்களால் வராது. இதை நான் எங்கும் வாசித்துச் சொல்லவில்லை. சொந்தத் தாய்மாமன்கள் இரண்டு பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தே சொல்கிறேன்.

எண்பத்தொன்பதில் மதுரையில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு காட்டுச் செடியை அதன் இயற்கை வாழிடத்திலேயே பார்த்து எழுதி, வேரோடு கொண்டுவர வேண்டும் என்றார் பேராசிரியை. மற்றவர்கள் விடுதிச் சுவரோரம் குப்பைமேனியைப் பிடுங்கிக்கொண்டிருக்க, நான் பெருமையாகச் சாயல்குடிப் பக்கம் மாமாக்கள் ஊருக்கு பஸ் ஏறினேன்.

அந்தக் கடலோர மணற்காட்டில் நரிவெங்காயம் உண்டு. பார்க்க வெங்காயம்தான்; தின்றால் ஆளை முடித்துவிடும். ஆடுகூட வாய் வைக்காது. கோடையில் இலையெல்லாம் காய்ந்துபோய், வெறும் மணலிலிருந்து ஒற்றைப் பூந்தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். நான் போனது பங்குனியில். மாமாக்கள் இருவரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் புஞ்சையில் பனைக்குப் பக்கத்தில் முப்பது தண்டுகள் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் நின்றன.

வேறு யாராக இருந்தாலும், இதென்ன இப்படி வரிசையாக நிற்கிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். நான் தாவரவியல் படித்தவள் (ஒன்றரை வருஷம்), கேட்பேனா? 'இச்செடி நிலத்தடி ஈரத்தைப் பின்பற்றி நேர்கோட்டில் வளரும் இயல்புடையது' என்று அங்கேயே நோட்டில் எழுதினேன். வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்துப் பேர் வாங்கலாமே என்று அத்தனை கிழங்கையும் தோண்டிச் சாக்கில் போட்டேன். வாழிடத்தைக் கெடுக்கக் கூடாது என்று பேராசிரியை சொல்லியிருந்ததால், குழிகளை மூடி, பனையோலையால் மணலைச் சுத்தமாகப் பெருக்கியும் விட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வீட்டுக்குத் திரும்பாமல் சாக்கோடு அங்கிருந்தே கிளம்பிவிட்டேன்.

சாறு பட்டு முழங்கை வரை அரித்தது. வகுப்பில் முப்பது பேருக்கும் அரித்தது. (பேராசிரியைக்கும்தான். மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை, நல்ல மனுஷி.)

சித்திரையில் பெரிய மாமா மகள் கல்யாண வேலைக்கு அம்மாவோடு போனால், வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. அத்தைதான் விஷயத்தைச் சொன்னார். பாகம் பிரித்ததிலிருந்து எல்லைக் கல்லை நீ நகர்த்தினாய், நான் நகர்த்தினேன் என்று ஏழு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் மாமாக்கள். ஒருவழியாகச் சமாதானமாகி, இனிக் கல்லே வேண்டாமென்று, இரண்டு பேருமாகக் கயிறு கட்டி நரிவெங்காயம் நட்டிருக்கிறார்கள். ஆடு கடிக்காது, வெயிலுக்குச் சாகாது, அரிப்புக்குப் பயந்து எவனும் தொட மாட்டான். கோடை மழைக்கு உழப் போய்ப் பார்த்தால் எல்லையையே காணோம். நீதான் பிடுங்கினாய் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல, பெரிய மாமா கல்யாணப் பத்திரிகையில் தம்பி பேரை எடுத்துவிட்டு வேறு அடிக்கச் சொல்லிவிட்டார். சித்தப்பா வராமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அவர் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டேன். அங்கே கோழிக்குழம்பு, இங்கே கருவாட்டுக்குழம்பு. இரண்டு இடத்திலும், கூடப்பிறந்தவர் இப்படியும் செய்வாரா என்று உச்சுக்கொட்டி மறுசோறு வேறு வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, தான் பிடுங்கவில்லை என்று குலசாமி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சின்ன மாமா கிளம்பினார். செய்யாத குற்றத்துக்கு அந்த மனுஷன் சாமி முன்னால் கையைச் சுட்டுக்கொள்வதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? கோயில் வாசலில் இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்று நோட்டை நீட்டினேன்.

"நான்தேன் மாமா பிடுங்குனேன். காலேசுக்கு."

பெரிய மாமா நோட்டை வாங்கி நான் வரைந்திருந்த படத்தை நெடுநேரம் பார்த்தார். பனையிலிருந்து இத்தனை அடி, வாய்க்காலிலிருந்து இத்தனை அடி என்று அழகாகக் குறித்திருந்தேன். அவர் முகம் தெளிந்தது.

"அதேன் அளவு இருக்கே தாயி. இத வச்சு மறுபடி நட்டுருவோம்."

ஒரு அவமானம் போதாதென்று இன்னொன்றும் பாக்கி இருந்திருக்கிறது.

"அளக்கல மாமா. ஆஸ்டல்ல உக்காந்து நானாப் போட்டது."

சின்ன மாமா சூடத்தை மடியில் முடிந்துகொண்டார். சண்டைக்குப் பிறகு அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"ஏண்ணே, இதப் படிக்க வைக்கவா நம்ம அக்கா காதுத் தோட்ட வித்துச்சு?"

"அதத்தேன்டா நானும் யோசிக்கிறேன்" என்றார் பெரிய மாமா.

வீடு வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறி என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார். பழைய பத்திரிகையையே ஊருக்குக் கொடுத்தார்கள். சின்ன மாமாதான் பந்தியில் முன்னால் நின்றார்.

பழைய கோடு எதுவென்று யாருக்கும் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று நடுவில் மூன்றடியை இருவரும் உழாமல் விட்டுவிட்டார்கள். அதற்கு இன்றுவரை 'காலேஜ்காரி பங்கு' என்றுதான் பேர். அம்மா வழியில் எனக்கு வந்த ஒரே சொத்து அது. கேட்டால் பட்டா போட்டே தருகிறோம் என்கிறார்கள் மாமாக்கள். அளக்கிற அன்றைக்கு மட்டும் நான் ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாதாம்.