நந்தினியின் பார்டரைத் தொலைத்தேன்

நடந்தவை, வரிசைப்படி:

1. அப்பாவின் மூன்று தறிகளுக்கு ஆர்டர் எடுக்க நான் ஒரு வலைப்பக்கம் செய்தேன்.
2. தாமலில் இருக்கும் அத்தை மகள் நந்தினி, தன் முகூர்த்தப் புடவையை அதில் ஆர்டர் செய்தாள்.
3. பக்கம் ஒரு டிக் போட்டு, ‘ஆர்டர் கிடைத்தது’ என்றது.
4. கிடைத்தது பாதி.
5. அந்தப் பாதியை அப்பா முழுசாக நெய்து முடித்தார்.

முதல் நான்குக்கும் பொறுப்பு நான்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். (ஐந்தாவதற்கும் நான்தான் என்பது அத்தையின் கட்சி.)

கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கு, நெசவுக்காரர்கள் நிறைந்த எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஓர் ஆபத்து உண்டு. தறிச் சத்தத்துக்கு நடுவே அப்பா போனில் நிறம் கேட்டுக் கத்துவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தையே ஒழுங்குபடுத்திவிடலாம் என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது. வாடிக்கையாளர் ஒரு பெட்டியில் நிறத்தை எழுதினால், அது ஒரு லிங்க்காக மாறி எங்கள் பட்டியலுக்கு வந்து, சீட்டாக அச்சாகும். சீட்டைத் தறியில் ஒட்டிக்கொண்டால் போதும். சொந்தக்காரர்களும் இதில்தான் சொல்ல வேண்டும், போன் கூடாது என்று சட்டம் வேறு போட்டேன்.

நந்தினி வங்கியில் வேலை பார்ப்பவள், சொன்னபடி செய்தாள். ‘அரக்கு & கிளிப்பச்சை பார்டர், முந்தியும் பச்சை’ என்று எழுதினாள். தறிக்கு வந்த சீட்டில் இருந்தது ‘அரக்கு’ மட்டும்.

வேறு தொழிலாக இருந்தால் யாராவது முழித்திருப்பார்கள். எங்கள் தொழிலில் அது முழு ஆர்டர். பார்டர் நிறம் சொல்லவில்லை என்றால் செல்ஃப், அதாவது உடலும் பார்டரும் முந்தியும் ஒரே நிறம். அப்படியும் அப்பாவுக்கு உறுத்தியிருக்கிறது. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டுமா என்றார்.

“சிஸ்டம்ல வந்ததுதான்பா ஆர்டர்,” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அத்தையும் நந்தினியும் புடவை வாங்க வந்தார்கள். அப்பா பாய் விரித்து, மடிப்பைப் பிரித்தார். அரக்கு. இன்னொரு மடிப்பு. அரக்கு. நந்தினி முந்தியைத் தேடிப் பிடித்துத் திருப்பினாள். அதுவும் அரக்கு.

“பார்டர் எங்கண்ணா?” என்றார் அத்தை.

அப்பா சீட்டை நீட்டினார். நந்தினி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம். அவள் அழுததுதான் தாங்க முடியவில்லை.

மடிக்கணினியைத் திறந்தேன். அவள் அனுப்பிய லிங்க் அப்படியே இருந்தது. நடுவில் அந்த & நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. லிங்க்கில் அந்தக் குறிக்குத் தனி வேலை உண்டு: ஒரு தகவல் முடிந்தது, இனி அடுத்தது என்று பிரிப்பது. யாராவது அதைச் சாதாரணமாக எழுதினால் %26 என்று மாற்றித்தான் அனுப்ப வேண்டும். இணையத்தின் பொது விதி அது. இந்த மாற்றத்தைச் செய்ய நான் எடுத்துப் போட்ட கருவி, டிஃபால்ட் அமைப்பில், தமிழ் எழுத்தை மாற்றும், இடைவெளியை மாற்றும், & வந்தால் தொடாது. அமைப்பில் ஒரே ஒரு டிக் போட்டிருந்தால் போதும். நானோ கமா போட்டே பதினெட்டு முறை சோதித்து, பதினெட்டு முறையும் என்னை நானே மெச்சிக்கொண்டவள். கிளிப்பச்சை பெயரில்லாத தகவலாக வந்து, பட்டியலில் சேராமல் போயிருந்தது.

இதையெல்லாம் அந்த நேரத்தில் அத்தைக்கு விளக்கினேன். (ஏன் விளக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

பொறுமையாகக் கேட்டார். “அப்போ உன் பேர்ல தப்பு இல்ல. அந்தக் குறி பேர்ல தப்பு. அதையே கூட்டியாந்து மணமேடையில நிக்க வைம்மா.”

ஐந்து நாளில் பட்டுப்புடவை நெய்ய முடியாது. கடைக்குப் போனோம். நெசவுக்காரர் தங்கை மகள் கடைப் புடவையில் தாலி கட்டிக்கொண்டாள். பந்தியில் ஒருவர் விடாமல் வந்து, “நீங்க நெஞ்சதா?” என்று அப்பாவைக் கேட்டார்கள். “இல்லைங்க, கடையில எடுத்தது,” என்று அவரும் ஒருவர் விடாமல் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டேன்.

அரக்குப் புடவையை அப்பா எனக்கே கொடுத்துவிட்டார். குடும்ப விசேஷங்களுக்கு அதைத்தான் கட்ட வேண்டும் என்பது தீர்ப்பு. கட்டிக்கொண்டு போனால் சித்தப்பா முதல் சின்னப் பிள்ளைகள் வரை என்னைச் சுற்றி வந்து, கீழே குனிந்து பார்டரைத் தேடுவார்கள். நான் எதையாவது சொல்லி முடித்தால் அத்தை, “அவ்ளோதானா? இல்ல, பின்னாடி ஏதாச்சும் நின்னுக்கினு இருக்குதா?” என்பார்.

லிங்க் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. எந்தக் குறியைப் போட்டாலும் முழுசாக வருகிறது. வெளியூர் ஆர்டர்கள் நிறைய வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அப்பா போன் போட்டு பார்டர் நிறம் கேட்டுக்கொள்கிறார். நந்தினியின் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். போன வாரம் அத்தை நேரில் வந்து, என்னைக் கடந்து தறிக்குப் போய், அப்பாவின் காதில் நிறத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

என்ன நிறம் என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.