தொண்ணூற்றொன்பது சதவீதக் கவனம்

ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கவனம் குறைந்துவருகிறது என்பதை எங்கள் பல்கலைக்கழகம் சற்றுத் தாமதமாகக் கவனித்தது. கவனித்ததும் நடவடிக்கை எடுத்தது. நடவடிக்கை என்பது மூன்று பக்கச் சுற்றறிக்கை. முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்கும் ஒவ்வொருவரும் இனிப் புதிய தொழில்நுட்பம் குறித்த பத்து மணி நேரக் காணொளிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம், ஐந்து நாள். கணினியின் மேல் உள்ள கேமரா மாணவரின் கண்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கவனம் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறைந்த நாளைத் திரும்ப எடுக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத ஆய்வேடு ஆய்வேடாகவே கருதப்படமாட்டாது.

புதிய தொழில்நுட்பம் மனிதனின் நேரத்தை எப்படி மிச்சப்படுத்துகிறது என்பதுதான் அந்தப் பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி.

இதற்கு ஒப்புதல் தந்த குழுவில் நானும் இருந்தேன். என்ன நினைத்துத் தலையாட்டினேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஆட்டினார், அதனால் ஆட்டினேன் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. வெள்ளோட்டமாகப் பேராசிரியர்களுக்கு அந்தப் பயிற்சியை வைத்தபோது எனக்குத் தொண்ணூற்றிரண்டு வந்தது. ஐம்பத்தைந்து வயதில், இதுவரை செய்ததெல்லாம் எதற்காக என்று யோசித்தபடி ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருப்பது எனக்குக் கைவந்த கலை. அந்த இடத்தில் அவர்கள் ஒரு திரையை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவருக்குத் தொண்ணூற்றாறு. அவர் பல கூட்டங்களில் பழகிக் கண்ணைத் திறந்தபடியே தூங்கக் கற்றவர்.

என்னிடம் ஆய்வு செய்த மாணவிக்கு அந்த வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு முடிந்தது. ஐந்து வருடப் பதிவு, பிரசவத்துக்காக முன்கூட்டியே கெஞ்சி வாங்கிய ஒரு வருட நீட்டிப்பு, எல்லாம் தீர்ந்திருந்தன. அதற்குள் ஏட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருடமும் தண்டம்.

திங்கட்கிழமை காலை அவள் ஒரு புது நோட்டோடு பயிற்சிக் கூடத்துக்குப் போனாள். அதுதான் அவள் செய்த முதல் தவறு. இரண்டு மணி நேரமும் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தாள். சாயங்காலமே சொல்லிக்கொடுத்ததைச் செய்து பார்த்து, மாதக்கணக்கில் மல்லாடிக்கொண்டிருந்த அட்டவணைகளை ஒரு மணி நேரத்தில் ஒழுங்காக்கிவிட்டாள். பயிற்சிக்குப் போனவர்களில் எதையாவது கற்றுக்கொண்டவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். கவனம்: பதினொரு சதவீதம்.

அவளைத் தொழில்நுட்பப் பிரிவு அதிகாரியிடம் அழைத்துப் போனேன். நல்ல மனிதர். விதி எதுவானாலும் பொறுமையாக விளக்குவார்.

"குறிப்பெடுத்தேன் சார்" என்றாள் அவள்.

"எழுதும்போது எங்க பாத்தீங்க?"

"நோட்டை."

"அதைத்தான் மேடம் அதுவும் சொல்லுது."

செவ்வாய்க்கிழமை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஆனால் காணொளியில் ஒரு இடத்தில் அவளுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் மனிதர்கள் விட்டத்தைப் பார்க்கிறார்கள். இது தொன்றுதொட்டு வரும் கெட்ட பழக்கம். முப்பத்து நான்கு சதவீதம் வந்தது. அதிகாரி அவள்மேல் இரக்கப்பட்டு, புரிந்துகொள்ள முயற்சி செய்ய வேண்டாம், பார்த்தால் மட்டும் போதும் என்று அறிவுரை சொன்னார். வேண்டுமானால் வீட்டிலிருந்தே, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் முடிகிறதோ அத்தனையும் பார்க்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார்.

வீட்டில் எட்டு மாதக் குழந்தை. பட்டாணி என்று கூப்பிடுவார்கள். புதன்கிழமை அதை மடியில் வைத்துக்கொண்டே பார்க்கத் தொடங்கினாள். அடுப்பில் பால் பொங்கியது. குழந்தையை அதன் நாற்காலியில் உட்காரவைத்து வாரைப் போட்டுவிட்டு ஓடினாள். அடுப்பைத் துடைத்து, கையில் பட்ட சூட்டுக்குத் தண்ணீர் விட்டு, வேறு பால் வைத்து, திரும்பி வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. திரையில் பேசுகிறவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பட்டாணி வாயைத் திறந்தபடி, கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூலையில் பச்சை எழுத்து: கவனம், தொண்ணூற்றொன்பது சதவீதம்.

பயிற்சியை அந்த அரை மணியோடு நிறுத்திவிட்டு, அன்றிரவு இதைச் சிரித்துக்கொண்டே கணவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் சிரிக்கவில்லை. ஒரு பார்சல் கிடங்கில் பிரித்து அனுப்பும் வேலை அவனுக்கு.

"பெட்டி மேல என்ன சீட்டு ஒட்டியிருக்கோ, அந்த ஊருக்கு அனுப்புவோம். உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்கறதில்ல. உங்க இடமும் கிடங்குதான். நீதான் ஆறு வருஷமா அதைப் பள்ளிக்கூடம்னு நினைச்சுட்டிருக்க."

வியாழக்கிழமை காலை என் அறை வாசலில் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"இது தப்புதானே சார்?"

தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் எனக்கு ஒரு அறையும், கதவில் ஒரு பெயர்ப் பலகையும் கொடுத்திருக்கிறார்கள். குழு, விதி, துணைவேந்தர், நான் தலையாட்டிய நாள் எல்லாம் வரிசையாக மனதில் வந்து போயின. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இது:

"இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி?"

"ஒன்பதரை சார்."

"குழந்தை அவ்வளவு நேரம் உக்காருமா?"

"அரை அரை மணியா உக்காரும்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

வியாழனும் வெள்ளியும் பட்டாணி படித்தது. பசித்தபோது ஊட்டிவிட்டார்கள், தூங்கியபோது நிறுத்திவைத்தார்கள். அம்மா கேமராவுக்குப் படாமல் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ஆய்வேட்டின் கடைசித் திருத்தங்களைச் செய்தாள். வெள்ளிக்கிழமை மாலை சான்றிதழ் வந்தது. தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிகம் என்று துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து பாராட்டும் வந்தது. ஒரே ஒரு சிறு குறை. அதிக நேரம் பார்த்த முகத்தையே இயந்திரம் சான்றிதழில் அச்சடித்திருந்தது. மாணவியின் பெயருக்கு மேலே, இரண்டு பற்களோடு, பட்டாணி.

நாங்கள் இருவரும் செய்ததை ஒப்புக்கொள்ளும் எண்ணத்தோடுதான் அதிகாரியிடம் போனோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, செல்லுபடியாகும் என்றார். ஆனால் ஆய்வேட்டின் முகப்பில் இருக்கும் படமும் சான்றிதழில் இருக்கும் படமும் ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் படத்தை மாற்றத் தொண்ணூறு வேலை நாள். ஆய்வேட்டில் மாற்ற ஐந்து நிமிடம்.

"சார், இது என் குழந்தை. இன்னும் பேசக்கூட வராது" என்றாள் அவள்.

"பேச்சு வாய்மொழித் தேர்வுக்குத்தான் மேடம். அதுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள வந்துடும்."

சனிக்கிழமை நாலேகாலுக்கு நாங்கள் பதிவாளர் அலுவலக ஜன்னலில் நின்றோம். ஆய்வேடு ஐந்து பிரதி, முகப்பில் பட்டாணி. ஜன்னலில் இருந்த எழுத்தர் பிரதிகளை எண்ணினார், பக்கங்களைப் பிரிக்கவில்லை. மாணவர் கேமராவைப் பார்க்க வேண்டும் என்றார். மாணவர் அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கண் திறக்காமல் இயந்திரம் ஏற்காது. தூக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஆய்வேடு பெற விதியில் இடமில்லை என்றார் எழுத்தர். பெறுபவர் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

கன்னத்தைத் தட்டினோம். கால் விரலை இழுத்தோம். நாலரைக்குத் தொழில்நுட்ப அதிகாரி வந்து, இயந்திரத்தை அணைத்துப் போட்டார். குழந்தையை அப்படிச் செய்ய வழியில்லை. நாலே முக்காலுக்குப் பதிவாளரே வந்துவிட்டார். பல்கலைக்கழகத்தின் சாதனை மாணவர் கெடு தவறக் கூடாது என்று துணைவேந்தர் தொலைபேசியில் சொல்லியிருந்தாராம். பதிவாளர் கோட்டைக் கழற்றிவிட்டுக் காக்கை போலக் கத்தினார். அதிகாரி சாவிக்கொத்தைக் குலுக்கினார். நான் கைதட்டிக்கொண்டே குதித்தேன். மாணவி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி, குழந்தையின் காதோரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது பட்டாணி கண்ணைத் திறந்து, நாங்கள் ஆடியதையெல்லாம் விட்டுவிட்டு, கேமராவை உற்றுப் பார்த்தது. பச்சை விளக்கு எரிந்தது. எழுத்தர் முத்திரையைக் குத்தினார்.

மாணவி சுவரில் சாய்ந்து, சத்தமில்லாமல் அழுதாள்.

எங்களுக்குத் தொண்டை வறண்டிருந்தது. எழுத்தர் ஓடிப்போய்க் குழாயிலிருந்து எல்லோருக்கும் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் பிடித்து வந்தார். பாதி குடித்தபின் பதிவாளர் மரியாதைக்காகக் கேட்டார்.

"ஆமாம்மா, ஆய்வு எதைப் பத்தி?"

"தண்ணி சார்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தக் கட்டடத்துத் தொட்டித் தண்ணி. ஆறு வருஷமா சோதிச்சிருக்கேன். குடிக்கக் கூடாது சார்."

தம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழிகாட்டி நான். தண்ணீரைப் பற்றிய ஆய்வு என்பது எனக்குத் தெரியும். எந்தத் தண்ணீர் என்பது மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில், முழுவதும் படித்துச் சரிபார்த்ததற்கு அடையாளமாக, என் கையெழுத்தும் இருந்தது.

தம்ளரைக் கீழே வைத்தால், இப்போதுதான் எனக்கு விஷயம் தெரியும் என்று ஆகிவிடும். ஆகவே, எல்லாவற்றையும் படித்து அறிந்த ஒருவரின் நிதானத்தோடு, மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.

"கைடே குடிக்கிறாரே" என்றார் பதிவாளர் நிம்மதியாக. அவரும் குடித்தார். அதிகாரி குடித்தார். எழுத்தர் இன்னொரு தம்ளர் பிடித்துக்கொண்டார்.

மாணவி எங்களை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையைத் திறந்து, வீட்டில் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்திருந்த தண்ணீரைக் குழந்தைக்குப் புகட்டத் தொடங்கினாள்.