குழாய்க்காரர் தேர்ந்தெடுத்த பெட்டி

இனி வாங்கும் பெட்டியே தம் ஆயுளின் கடைசிப் பெட்டியாக இருக்க வேண்டும் என்று குழாய்க்காரர் உறுதி பூண்டார். பூண்ட இடம், ஒரு மூன்று மாடி வீட்டின் படிக்கட்டு. பூண்ட நேரம், அவருடைய கருவிப் பெட்டியின் அடித்தகடு கழன்று, உள்ளிருந்த ஸ்பேனர்கள் படிக்கொரு முறை குரல் கொடுத்துக்கொண்டே தரைத்தளத்தை நோக்கிப் புறப்பட்ட நேரம்.

இதற்கு முந்தையது கீல் உடைந்து போயிற்று. அதற்கும் முந்தையது, கைப்பிடி மட்டும் கையிலிருக்க, பெட்டி பேருந்திலேயே தங்கிவிட்டது. குழாய்க்காரருக்குப் பெட்டி என்பது கருவிகள் உறங்கும் அறை மட்டுமன்று. கழுவுதொட்டியின் அடியில் வேலை என்றால் அதுதான் அவருக்கு முக்காலி. குழாய் எட்டாத உயரத்தில் இருந்தால் அதன்மேல்தான் ஏறி நிற்பார். ஆகவே அவர் மனம் இரும்பை நாடியது. அவர் மனைவியின் மனமோ அவருடைய இடுப்பை நாடியது.

அம்மையார் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துத் தொழில் செய்பவர். வாயில் ஊசி இருக்கும்போது பேசமாட்டார். அன்று ஊசியை எடுத்துவிட்டுப் பேசினார்.

"இரும்புப் பெட்டி ஒன்னு பாத்து வெச்சிருக்கேன். ஆனை ஏறி மிதிச்சாலும் அசையாது" என்று குழாய்க்காரர் தொடங்கியிருந்தார்.

"ஆனை எதுக்குங்க உங்க பெட்டி மேல ஏறுது?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பெட்டிக்கு ஒன்னும் ஆகாது, சரி. தூக்குறவருக்கு?"

"எனக்கென்ன? இரும்பு மாதிரி இருக்கேன்."

"இரும்புதான். போன வருஷம் இடுப்பு புடிச்சுப் பதினேழு நாள் பாயில கிடந்த இரும்பு. புரண்டு படுக்கறதுக்கும் நான்தான் வரவேண்டி இருந்துச்சு."

"அது போன வருஷம்."

"பொழுதன்னிக்கும் தண்ணியில வேலை. இரும்பு துருப்பிடிக்காதா? சக்கரம் வெச்ச பிளாஸ்டிக் பெட்டி வந்திருக்காம். இழுத்துக்கிட்டே போகலாமாம்."

"சக்கரமா! நான் வேலைக்குப் போறேனா, ஊருக்குப் போறேனா? வேலை எடத்துல மேஸ்திரி பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பான்."

"அவரு சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு. நீங்க வலியில அழுதா நான்ல பக்கத்துல உக்காரணும்?"

குழாய்க்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார்.

கடைக்காரரை அம்மையார் "அண்ணே" என்று அழைப்பது வழக்கம். அந்த உறவைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர் இவரை "மாப்ளே" என்பார். மற்றபடி ஒரு வாஷரைக் கூட வெறுங்கையோடு வந்தவருக்குத் தராத மனிதர். அத்தகையவர் அன்று, "ரெண்டு பெட்டியையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க மாப்ளே. வெச்சுப் பாருங்க. புடிக்காததத் திருப்பிக்கலாம்" என்று சொன்னபோது, தம்முடைய நல்ல பெயருக்குக் கிடைத்த மரியாதை அது என்று குழாய்க்காரர் நெஞ்சு நிமிர்ந்தார்.

மறுநாள் காலை, தைத்த துணிகளைக் கொடுத்துவர அம்மையார் அடுத்த தெருவுக்குப் போனார். குழாய்க்காரரின் மூளை அந்தக் கால்மணி நேரத்தில் வேலை செய்ததுபோல் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. பைப் ரெஞ்ச், சுத்தியல், டிரில், பித்தளைக் குழாய்கள் என்று கனமான யாவும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சென்றன. இரும்புப் பெட்டிக்குள் அவருடைய தலையணை சென்றது. சத்தத்துக்காக ஒரே ஒரு ஸ்பேனரும் உடன் சென்றது.

அம்மையார் திரும்பினார்.

"இங்க வாம்மா. கருவியெல்லாம் சரிபாதியாப் பிரிச்சு ரெண்டுலயும் போட்டிருக்கேன். உன் கையாலயே தூக்கிப் பாரு. எது கனம்னு நீயே சொல்லு."

அம்மையார் இரும்புப் பெட்டியைத் தூக்கினார். ஸ்பேனர் "டங்" என்றது.

"அட! உள்ள பாதிக் கருவி இருந்துமா இவ்ளோ லேசா இருக்கு?"

"பாத்தியா!"

பிறகு பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றினார். இரு கைகளாலும் முயன்றார். பெட்டி தரையை விட்டு எழ மறுத்தது.

"பிளாஸ்டிக்னா லேசா இருக்கும்னுல்ல நெனச்சேன்?"

"அதெல்லாம் விளம்பரம். பாக்கத்தான் அப்படி. உள்ளுக்குள்ள முரட்டுக் கனம்."

"அப்ப இரும்பே இருக்கட்டுங்க. உங்க இடுப்புக்கு அதுதான் நல்லது."

குழாய்க்காரர் தம் திருமண வாழ்வில் முதன்முறையாக ஒரு வாதத்தில் வென்றிருந்தார். அந்த வெற்றியை அவர் சுவைத்து முடிப்பதற்குள், வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இரும்புக் கடைக்காரர் இறங்கினார்.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. இவருக்கு இரும்புதான் புடிச்சிருக்கு. பிளாஸ்டிக்க எடுத்துட்டுப் போயிடுங்க."

"இ... இப்பவேவா?" என்றார் குழாய்க்காரர்.

"பின்ன? ஏங்க, உள்ள இருக்கற பாதிக் கருவிய எடுத்து இரும்புப் பெட்டியில போடுங்க. அண்ணன் நிக்கிறாருல்ல."

"அவரு எதுக்கு நிக்கணும்? நான் சாயங்காலம் கடைக்கே கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நகருங்க, நானே எடுத்துப் போடறேன்."

அம்மையார் குனிந்தார். குழாய்க்காரர் பாய்ந்து பிளாஸ்டிக் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அவருடைய எடை அத்தனையும் ஏறியும் பெட்டி முனகக்கூட இல்லை. அம்மையார் நிமிர்ந்து, இரும்புப் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"சரி, மொதல்ல இதைத் தொறந்து இடம் பண்றேன்."

குழாய்க்காரர் ஒரு காலை நீட்டி இரும்புப் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டார். ஒரு பெட்டியில் உடலும் மறு பெட்டியில் பாதமுமாக அவர் வீற்றிருந்த கோலத்தைக் கடைக்காரர் கண்கொட்டாமல் பார்த்தார்.

"என்ன மாப்ளே, காலு மரத்துப் போச்சா?"

"ஏங்க, காலை எடுங்க."

"எடுக்க முடியாது."

"ஏன் முடியாது?"

திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் இருபத்திரண்டு ஆண்டுக் கருவிகள் கடைக்குப் போகும். குழாய்க்காரர் கருவிகளையும் நினைத்தார், மானத்தையும் நினைத்தார். இரண்டையும் காக்க ஒரே வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

"எனக்கு இதுதான் வேணும்!" என்று தாம் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக்கைத் தட்டினார். "இரும்ப எடுத்துட்டுப் போகச் சொல்லு. அப்படியே. தொறக்காம."

"கனமா இருக்குன்னீங்க?"

"கனமா இருந்தா என்ன? சக்கரம்தான் இருக்கே!"

"மேஸ்திரி சிரிப்பாரே?"

"அவன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்!"

அம்மையார் அவருடைய பாதத்தை, போன ஆண்டு பாயிலிருந்து அவரைத் தூக்கியபோது காட்டிய அதே பக்குவத்தோடு, மெல்லத் தூக்கித் தரையில் வைத்தார். இரும்புப் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனரை வெளியே வைத்தார். தலையணையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

"இதுதான் பாதிக் கருவியாங்க?"

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். குழாய்க்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிஞ்சியிருந்த கம்பீரம் அனைத்தையும் திரட்டி எழுந்து நின்றார்.

"என்னமோ இருக்கட்டும். கடைசியில பெட்டிய முடிவு பண்ணது யாரு? நான்தானே?"

"அதுல என்ன சந்தேகம் மாப்ளே?" என்றார் கடைக்காரர், இரும்புப் பெட்டியைத் தோளில் ஏற்றியவாறே. "நேத்து நீங்க கடைக்கு வர்றதுக்கு அரைமணி முன்னாடியே தங்கச்சி போன் பண்ணி, 'அவரு வந்தா ரெண்டையும் குடுத்து விடுங்கண்ணே, நாளைக்குப் பத்து மணிக்கு வந்து இரும்ப மட்டும் எடுத்துட்டுப் போயிடுங்க'ன்னு சொல்லிடுச்சே!"