ஆலமரத்தில் தொங்கிய ஆராய்ச்சி

பாகூர் கொம்யூனில் எத்தனையோ வெள்ளைக்காரர்களைப் பார்த்தாயிற்று. காலையில் எழுந்து, புழுக்கையைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு காபி குடித்தவர் ஒருவர்தான். ஊர் அவருக்குப் புழுக்கைத் துரை என்று பேர் வைத்தது. அதற்கு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம். துரை கப்பலில் இரண்டு லாமாக்களைக் கொண்டுவந்தார். கொம்யூன் என்கிற ஊர் நிர்வாகத்தின் தலைவரை நாங்கள் மேர் என்போம். அவருடைய மாந்தோப்பில் துரை கொட்டகை போட்டார். லாமா என்றால் ஒட்டகத்துக்குத் தங்கை முறை. திமில் கிடையாது. கழுத்து ஒட்டகம், உடம்பு ஆடு, முகம் பந்தியில் கவனிக்கப்படாத சம்பந்தி. குளிர்ந்த மலையில் இருக்கிற ஜீவன் எங்கள் வெயிலில் பிழைக்குமா, குட்டி போடுமா என்று பார்ப்பது அவர் ஆராய்ச்சி. நான் தீவனம் போட்டேன். என் பெண்சாதி அஞ்சலை கொட்டகை கூட்டினாள்.

கூட்டுவது சுலபம். லாமா ஒரே இடத்தில்தான் புழுக்கை போடும். எங்கள் ஊரில் பல பேருக்கு வராத பழக்கம்.

துரை ஒரு புலவரிடம் தமிழ் படித்தவர். "புல் தருக" என்பார். நான் தருவேன்.

லாமா ரத்தத்தை எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பூதக்கண்ணாடிக் குழாயில் பார்ப்பார். நம் ரத்தத்தில் மிதக்கிற சிவப்புப் பொடி வட்டமாம். லாமாவுக்கு முட்டை மாதிரியாம். இதை ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டார். ஒத்துப் பார்க்க மனுஷ ரத்தம் வேண்டும். எதிரே வந்தவன் விரலில் எல்லாம் ஊசி குத்தினார். பிறகு துரை தெருவில் வந்தால் ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். நமக்கு எவ்வளவு மரியாதை என்று துரை சந்தோஷப்பட்டார்.

ஒரு நாள் மேர் தன் பதவிக்குரிய மூவர்ணப் பட்டையை மார்பில் போட்டுக்கொண்டு லாமாவைப் பார்க்க வந்தார். கிட்டே போய்க் கழுத்தைத் தடவினார். அது முகத்தில் துப்பியது. வயிற்றுக்குள்ளிருந்து வருகிற பச்சைத் துப்பல். மேர் துண்டைத் தேடினார். துரை ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துடைக்கற்க. அசையற்க."

என்னிடம் சீசா கேட்டார். மேர் முகத்திலிருந்து கரண்டியால் வழித்து எடுத்தார். மேர் அசையவில்லை.

"இன்னாயா பண்றான் இந்த ஆளு?" என்று வாயைத் திறக்காமல் என்னைக் கேட்டார்.

"ஆராய்ச்சிங்க" என்றேன்.

பெட்டை சினையானது. பதினோரு மாதம் சுமக்கும் என்றார் துரை. பெரிய கண்ணாடி ஜாடி வந்தது. அது நிறைய நல்ல சாராயம். பெட்டை ஈன்றதும் விழுகிற நஞ்சுக்கொடியை அதில் போட்டு பாரிசுக்கு அனுப்ப வேண்டும். ஒட்டகச் சாதிக்கு அது மாட்டுக்கு இருப்பதுபோல் இருக்காதாம். அனுப்பாவிட்டால் கடையைக் கட்டிக்கொண்டு வந்து சேர் என்று மேலிடம் சொல்லிவிட்டது. போனால் திரும்ப முடியாது என்று துரைக்குத் தெரியும். தானே அஞ்சலையிடம் வந்து சொன்னார்:

"நஞ்சுக்கொடி மிக முக்கியம். நாய் தீண்டலாகாது. பத்திரமாக வைக்க வேண்டும்."

"அது கூடவா தெரியாது தொரை" என்றாள். வெள்ளைக்காரனுக்கும் இவ்வளவு தெரிகிறதே என்று அவளுக்கு ஒரே திருப்தி.

பெட்டைக்கு நாள் நெருங்கியதும் துரை கொட்டகையிலேயே நாற்காலி போட்டுக் கண் விழித்தார். ஒரு காலையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். நான் புல்லறுக்கப் போயிருந்தேன். பெட்டை அப்போதுதான் ஈன்றது.

நான் வரும்போது குட்டி நின்றுகொண்டிருந்தது. துரை ஜாடியைக் கட்டிக்கொண்டு, "எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அஞ்சலை தோப்போரத்து ஆலமரத்தைக் காட்டினாள். எங்கள் பக்கத்தில் மாடு கன்று போட்டால் செய்வதைத்தான் செய்திருந்தாள். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, கயிறு போட்டு, தொரட்டியால் உச்சாணிக் கிளையில் மாட்டிவிட்டாள். பால் வடிகிற மரத்தில் அது தொங்கினால்தான் தாய்க்குப் பால் இறங்கும்.

"என்னை ஏன் எழுப்பவில்லை?"

"எத்தினி நாளா தூங்காம கெடந்தீங்க. தூங்கட்டும்னு வுட்டேன்."

துரை என்னைப் பார்த்தார். "இறக்குக."

நான் அஞ்சலையைப் பார்த்தேன். தொரட்டி அவள் கையில் இருந்தது.

"பாலு இன்னும் எறங்கல தொரை. குட்டி கிட்ட போனா ஆத்தாக்காரி ஒதைக்கிறா. இப்ப அவுத்தா சுத்தமா வத்திடும்."

"பாலுக்கும் மரத்துக்கும் தொடர்பே இல்லை."

"இல்லாட்டி போவட்டும். குட்டி செத்தா அத்தயும் ஜாடில போட்டுக்குவீங்களா?"

துரை மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியது. வைக்கோலுக்குள் அது கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என்னிடம் மறுபடி கேட்கவில்லை. ஒரு காக்கை மூட்டையில் உட்கார்ந்தது. எழுந்து தொப்பியை வீசி விரட்டினார். அதிலிருந்து உட்காரவே இல்லை. தெரு ஜனம் வந்து வேடிக்கை பார்த்தது.

"இன்னாபா, தொரை காக்கா ஓட்றாரு?"

"ஆராய்ச்சி."

சாயங்காலம் குட்டி முட்டி முட்டிக் குடித்தது. வாயோரம் பால் வழிந்தது. துரை குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜாடியைத் தரையில் கவிழ்த்தார். ஊரில் சிலர் இன்றும் வருத்தப்படுவது அந்தச் சாராயத்துக்காகத்தான்.

"இதற்குக் காரணம் மரம் அன்று" என்றார் அஞ்சலையிடம்.

"சரிங்க தொரை."

"ஆயினும் அவிழ்க்க வேண்டாம்."

மேலிடம் சொன்னபடியே செய்தது. லாமாக்கள் ஒரு கப்பலில் போயின. துரை வேறு கப்பலில் போனார். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை.

அடுத்த தையில் எங்கள் பசு கன்று போட்டது. அஞ்சலை நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"இன்னா?" என்றேன்.

"தொரை இருந்தா இத்தக் குடுத்திருக்கலாம்."

"மாட்டோடது. அவுருக்கு ஆவாது."

"இருந்தாலும்" என்றாள்.

எனக்கும் அதே நினைப்புத்தான்.