மிளகுக் கடைத் தராசில் ஏறிய கதை

முதல்முறை உடம்பைக் குறைக்கக் கிளம்புகிறவளுக்கு ஊரே வாழ்த்துச் சொல்லும். இரண்டாவது முறை கிளம்பினால் லேசாகச் சிரிக்கும். மூன்றாவது முறை கிளம்பினால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வரும். மூன்றையும் அனுபவித்தவள் என்கிற தகுதியில் சொல்கிறேன், எனக்கு ஊர்மேல் கோபம். உறவுக்காரர்கள்மேல் கோபம். இதைப் படிக்கிற உங்கள்மேல்கூடக் கொஞ்சம் உண்டு (நீங்களும் யாரையாவது "என்ன, மறுபடியுமா?" என்று கேட்காமலா இருந்திருப்பீர்கள்).

கொல்லிமலையில், செம்மேட்டில், தையல் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்துப் பெண்களின் அளவெல்லாம் எனக்கு மனப்பாடம். என் அளவை மட்டும் டேப் வைத்துப் பார்க்காமல் குத்துமதிப்பாகத் தைத்துக்கொள்வேன். கீழே இருந்து காரில் மலை ஏறி வருகிறவர்கள் என் கடை வாசலில் நின்று டீ குடிப்பார்கள். ஆழமாக மூச்சை இழுத்துவிட்டு, "இந்தக் காத்துக்கும் இந்த மேட்டுக்கும் இங்க யாருக்கும் தொப்பையே வராதில்ல?" என்பார்கள். சொல்லி முடித்த பிறகுதான் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்ப்பார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் காருக்குள் ஏறிவிடுவார்கள். நல்ல மனுஷர்கள்!

முதல்முறை நான் இளைக்கக் கிளம்பியது என் கொழுந்தன் கல்யாணத்துக்காக. சும்மா கிளம்பவில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டுக் கிளம்பினேன். கொஞ்சம் இளைத்ததும் தலைக்கனம் ஏறியது. தையற்காரிகள் ரவிக்கை தைக்கும்போது, பின்னாளில் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள வசதியாகத் தையலுக்கு உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டு வைப்போம். என் ரவிக்கைகளையெல்லாம் இறுக்கிப் பிடித்துத் தைத்தேன். உள்ளே விட்டிருந்த துணியைக் கத்தரியால் வெட்டிக் குப்பையில் போட்டேன். இனிமேல் இது எதற்கு என்கிற திமிர். கல்யாண விருந்தோடு விரதம் முடிந்தது. மறுவீட்டு விருந்து வரும்போது ரவிக்கை ஏறவில்லை, பிரித்துவிட உள்ளே துணியும் இல்லை. அக்குளில் வேறு கலரில் ஒட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அந்த ஒட்டு அத்தனை போட்டோவிலும் இருக்கிறது. ஊருக்கே தைத்துக் கொடுப்பவளுக்கு இப்படி ஓர் ஆல்பம்.

இரண்டாவது முறை ஓட்ஸ். சாமையும் தினையும் விளைகிற மலையில் உட்கார்ந்துகொண்டு, கீழே இருந்து பஸ்ஸில் பாக்கெட் ஓட்ஸ் வரவழைத்துத் தின்ற அறிவாளி நான். எங்கள் காட்டுச் சாமையைப் பட்டணத்துக்காரர்கள் உடம்பு குறைய வேண்டுமென்று காரில் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அவர்களுக்கு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் ஓட்ஸ் கிண்டினேன். மழைக்காலம் வந்தது, மாமியார் மரவள்ளிக்கிழங்கை வேகவைத்துக் காரச் சட்னியோடு தட்டில் வைத்தார். அத்தோடு சரி. மீதி ஓட்ஸைக் கோழி தின்றது. அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், பந்தியில் யாராவது ஒருவர் "அவளுக்கு ஓட்ஸ் வைங்கப்பா" என்று கத்துவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி வாங்கிப் போட்டுக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்காக என்னையே நான் அறைந்திருக்க வேண்டும்.

பிறகு முழங்கால் பிடித்துக்கொண்டது. என் மிஷின் காலால் மிதிக்கிற மிஷின். மோட்டார் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொல்கிறவர்கள், மழை பிடித்தால் மலையில் கரண்டு எப்போது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். நாமக்கல் டாக்டர், "எடையைக் குறைக்கலைன்னா தையலை மறந்துடுங்கம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். தையலை விட்டால் நான் யார்? இன்னொரு முறை ஆரம்பித்து, இன்னொரு முறை ஊர் சிரித்து, அதோடு நானும் விட்டுவிட்டால், நாலாவது முறை என்று ஒன்று என் வாழ்க்கையில் வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அதனால் ஒரு முடிவெடுத்தேன். இந்த முறை யாருக்கும் சொல்லக் கூடாது. ஊருக்குச் சொல்லக் கூடாது, அண்ணனுக்குச் சொல்லக் கூடாது, ஏன், வீட்டுக்காரருக்கே சொல்லக் கூடாது. (இதைவிட முட்டாள்தனமான முடிவை நான் எடுத்ததில்லை. இப்போது சொல்கிறேன், அப்போது எனக்கு என் புத்திசாலித்தனத்தில் புல்லரித்தது.)

விடியற்காலையில் பனியில், சந்து வழியாக ஒதுங்கிப் போய், பக்கத்து ஊரான சோளக்காட்டுக்குப் போகிற ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன். கேட்டால், "பசியில்லீங்க." ரவிக்கைகள் தொளதொளத்தபோது இறுக்கிப் பிடித்தேன். ஆனால் இந்த முறை உள்துணியை வெட்டவில்லை. கத்தரியை எடுத்தேன், ஆல்பம் ஞாபகம் வந்தது, வைத்துவிட்டேன்.

ஒருநாள் ரோட்டில் தங்கமணி அக்கா எதிரே வந்தார். என் கடையில் துணி தைக்கக் கொடுக்கிறவர். செய்தியைத் தைக்கிறதில் என்னைவிடக் கெட்டிக்காரர்.

"ஏங் கண்ணு, இந்தப் பனியில எங்க கெளம்பிட்ட?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு வேறு சொன்னது. "எட்டுக்கை அம்மனுக்கு ஒரு வேண்டுதலுங்க அக்கா."

"என்ன வேண்டுதல் சாமி?"

"அதை வெளிய சொல்லக் கூடாதுங்க."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார். தோளில் தொங்கிய ரவிக்கையைப் பார்த்தார். "இளைச்சுட்டியே சாமி" என்றார். எங்கள் பக்கத்தில் இளைச்சுட்ட என்பது பாராட்டு இல்லை. துக்கம் விசாரிக்கிற குரலில்தான் அதைச் சொல்வார்கள். ஒருத்தி இளைத்தால் சர்க்கரை வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டினவன் சரியில்லாமல் இருக்க வேண்டும். தானாக விரும்பி ஒருத்தி இளைப்பாள் என்று யாருக்கும் தோன்றாது. நானோ அக்கா போன பிறகு நடு ரோட்டில் நின்று சந்தோஷப்பட்டேன். யாரோ ஒருவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டதே!

என் அண்ணன் இதே மலையில் குண்டூர்நாட்டில் இருக்கிறான். பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். பலாவும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு பேளுக்குறிச்சி சந்தைக்குப் போவான். தங்கமணி அக்காவும் அந்த வாரம் சந்தைக்குப் போயிருக்கிறார். அங்கே என்ன பேசினார்களோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த பிக்கப் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அண்ணன் இறங்கினான். அண்ணி இறங்கினார். கால் கட்டிய இரண்டு நாட்டுக்கோழிகள், ஒரு பலாப்பழம், ஒரு டின் முறுக்கு எல்லாம் இறங்கின. கடைசியாக என் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். தாய்மாமன் வந்தால் அது விருந்து இல்லை, பஞ்சாயத்து.

அண்ணி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அவர் இரண்டு கையும் என் முதுகில் ஒன்றையொன்று தொடவில்லை. அந்த நிலைமையில் அழுகிறார், "எலும்பும் தோலுமா ஆயிட்டியே கண்ணு!"

நாற்பது வயதில் முதல் முறையாக என்னைப் பார்த்து ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்கிறார். ரசிக்கக்கூட நேரம் இல்லை. அண்ணன் நேராக என் வீட்டுக்காரரிடம் போய்விட்டான்.

"மாப்ள, எந்தங்கச்சிக்கு ஒரு வாய் சோறு போட முடியலைன்னா சொல்லிப்போடுங்க. கூட்டிட்டுப் போயிர்றேன்."

என் வீட்டுக்காரர் சாது. மிளகுக் கொடி கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், கையில் இன்னும் கயிறு. என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பிறகு தன் வாழ்க்கையிலேயே மோசமான ஒரு பதிலைச் சொன்னார்.

"ராத்திரியில சாப்புடறதே இல்லீங்க மச்சான். நானும் என்னன்னு கேக்கோணும்னுதான் இருந்தேனுங்க."

கேக்கோணும்னு இருந்தாராம்! எத்தனை மாதமாக!

"பாத்தீங்களா மாமா? அவரே ஒத்துக்கிட்டாரு" என்றான் அண்ணன்.

மாமியார் உள்ளிருந்து வந்தார். "ஏனுங்க, எங்க ஊட்டுல சோத்துக்கு என்ன பஞ்சம்? குண்டான்ல கெடக்குதுங்க, வந்து பாருங்க" என்று நிஜமாகவே குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். தாய்மாமன் குனிந்து குண்டானுக்குள் பார்த்தார். அக்கம்பக்கத்து வீடுகளில் டிவி சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. அண்ணி என் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தார். கோழிகள் இரண்டும் கால் கட்டோடு கத்தின.

நான் வாய் திறந்தால் முடிந்தது. மூன்றாவது முறை என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். வாட்ஸ்அப் வரும். ஓட்ஸ் வரும். திறக்காவிட்டால், ஒரு தப்பும் செய்யாத மனுஷன் தன் வாசலில் குற்றவாளியாக நிற்கிறார். கையில் இருந்த கயிற்றை அவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"நானாத்தான் இளைக்கிறேன்!" என்று கத்தினேன். "யாரும் பட்டினி போடல. உடம்பைக் குறைக்கிறேன். மூணாவது தடவையா! சிரிக்கிறவங்க எல்லாரும் இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க!"

யாரும் சிரிக்கவில்லை. தாய்மாமன் தலையை ஆட்டினார். "பயந்துக்கிட்டுச் சொல்லுது புள்ள" என்றார்.

அப்போது எனக்கு வந்த கோபம் அதுவரை வந்ததில்லை. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி எதிரே இருந்த மிளகுக் கடைக்குப் போனேன். மூட்டை எடை போடுகிற தராசு ரோட்டைப் பார்த்து இருக்கும், விற்க வருகிறவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காகப் பெரிய சிவப்பு எண்களோடு. ஏறி நின்றேன்.

எண்ணை இங்கே எழுத மாட்டேன். நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

கடைக்காரர் சாக்கு மூட்டையோடு மிளகை எடை போட்டே பழகியவர். எடையைக் கண்டதும் வாய் தானாகச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டது. சொன்னதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். பழக்க தோஷத்தில் அதே குரலில் தொடர்ந்தார், "சாக்குக்குக் கழிச்சுக்கலாமுங்க."

அண்ணியின் அழுகை குழாயை மூடினாற்போல் நின்றது. அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். அண்ணன் தாடையைச் சொறிந்துகொண்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, மன்னிச்சுருங்க. சோறு நல்லாத்தான் போட்டிருக்கீங்க."

செம்மேடு சிரித்தது. ரோட்டில் நின்ற பஸ் சிரித்தது. மாமியார் குண்டானில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரிக்காதவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான், அதற்கும் அன்றைக்குக் கோபப்பட்டேன். நான் தராசை விட்டு இறங்கவே இல்லை. "இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்தேன்னு யாராச்சும் கேளுங்களேன்!" என்று அதன்மேல் நின்றுகொண்டே கத்தினேன். யாரும் கேட்கவில்லை. இத்தனை பேர் என் உடம்பைப் பற்றிப் பேச வந்தார்கள், அந்த ஒரு கேள்வி ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆறவில்லை.

கோழி இரண்டும் குழம்பாயின. அண்ணி என் தட்டில் கொட்டினார். "இன்னைக்கு ஒரு நாள் சாப்புடு கண்ணு." இதுவரை நான் விட்ட விரதமெல்லாம் இந்த 'இன்னைக்கு ஒரு நாள்' என்கிற இடத்தில்தான் செத்தது. சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன், பலாச்சுளை உட்பட. ராத்திரி படுக்கும்போது, போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

விடியற்காலையில் முழிப்பு வந்தது. மிளகுக் கடைக்காரர் குரல் காதில் கேட்டது. சாக்குக்குக் கழிச்சுக்கலாமுங்க! எழுந்து உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். இந்த முறை சந்துப் பக்கம் ஒதுங்கவில்லை. மெயின் ரோட்டில், அந்தத் தராசுக்கு முன்னால், தரை அதிர நடந்தேன். ஆர்வம் வேண்டும், ஊக்கம் வேண்டும் என்று போனில் வீடியோ போட்டுப் பேசுகிறார்களே, எனக்கு அதெல்லாம் வரவில்லை. கோபம் வந்தது, அதை வைத்துக்கொண்டு நடந்தேன். நடுவில் எத்தனையோ 'இன்னைக்கு ஒரு நாள்' வந்தன, பொங்கலுக்கு முழுதாக ஒரு வாரமே விட்டேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் யாராவது ஒரு புண்ணியவான் எதையாவது சொல்லி எரிச்சல் மூட்டி என்னை எழுப்பிவிட்டார்.

சில வருஷங்கள் ஆகிவிட்டன. மிஷினை மிதிக்கிறேன், முழங்கால் முனகுகிறது, ஆனால் மிதிக்கிறது. ரவிக்கையில் உள்துணியை இன்றுவரை வெட்டவில்லை. மெலிந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அண்ணி கட்டிப்பிடித்தால் இப்போது விரல் நுனிகள் தொடுகின்றன, அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை விடவில்லை. யார் வீட்டு விசேஷத்திலும் இப்போது ஓட்ஸ் பேச்சு கிடையாது. பந்தியில் உட்கார்ந்தால், "சாக்குக்குக் கழிச்சுட்டுப் பரிமாறுங்கப்பா" என்கிறார்கள். என் வீட்டுக்காரரோ அன்றைக்குப் பட்ட பயத்திலிருந்து இன்னும் வெளியே வரவில்லை. போன வாரம் நாமக்கல் டாக்டரிடம் போனேன், எடை கொஞ்சம் இறங்கியிருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நின்றேன். அவர் முகம் வெளுத்துப்போய், போனை எடுத்துக்கொண்டு அவசரமாக வாசலுக்குப் போனார்.

"மச்சான், நாந்தானுங்க. இந்த மாசம் இன்னுங் கொஞ்சம் கொறைஞ்சிருக்குதுங்க. சோறு போட்டுட்டுத்தானுங்க இருக்கேன். சந்தேகம்னா ஊட்டுக்கு வந்து குண்டானைப் பாத்துக்கங்க."

மறுநாள் காலையில், வழக்கமாகத் திரும்புகிற சோளக்காட்டையும் தாண்டி நடந்தேன்.