தேங்காய் வழக்கில் நான் எந்தப் பக்கம்?

குவெம்புநகர், மைசூரு
புதன்கிழமை

மரியாதைக்குரிய மாமா ஜடையன் அவர்களுக்கு,

அய்யாவு வணக்கத்துடன் எழுதுவது. போன மாதம் பார்த்தபோது என் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் சரியாக இருந்தன. ராமாபுரத்தில் தங்களுக்கும் சென்னம்மா அக்காவுக்கும் அவ்வாறே இருக்கும் என நம்புகிறேன். உடம்பைப் பற்றிய செய்தி இத்துடன் முடிந்தது. மற்றது எதுவும் சரியில்லை.

முப்பத்துநான்கு வருஷம் பத்திரிகைக்குக் கோர்ட் செய்தி எழுதி ஓய்வு பெற்றவன் அறுபத்தொரு வயதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது தாங்கள் சிரித்தீர்கள். அக்கா, "கோர்ட்டு வாசல்ல நின்னது பத்தாதுன்னு உள்ளயும் போகோணுமா சாமி?" என்று கேட்டது. வக்கீல்கள் பேசிக் கேட்டவனுக்கு அதில் கற்க என்ன இருக்கிறது என்று நான் பதில் சொன்னேன். அந்தக் கூற்றை வாபஸ் வாங்குகிறேன்.

இந்த அரையாண்டில் மாதிரி நீதிமன்றம் என்று ஒரு பாடம். கல்லூரியே ஒரு வழக்கைக் கற்பனை செய்து, கீழ்க் கோர்ட் தீர்ப்பையும் எழுதிக் கொடுத்துவிடும். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து மேல்முறையீட்டு வாதுரை எழுதிக் கொடுத்து, பிறகு நீதிபதியாக உட்கார்ந்திருப்பவர் முன் நின்று வாதாட வேண்டும். இரண்டு சுற்று, சுற்றுக்கு ஐம்பது மதிப்பெண், மொத்தம் நாற்பது வந்தால் தேர்ச்சி. மதிப்பெண் ஜோடிக்கு என்பதால் ஒருவர் கவிழ்த்தால் இருவருக்கும் ஒரு வருஷம் போச்சு. என் ஜோடி ஸ்நேஹா, இருபத்திரண்டு வயது, ரயில்வேக்காரர் வீட்டுப் பெண், கையில் எப்போதும் மஞ்சள் மார்க்கர், தமிழ்ப் பேச்சில் இடையிடையே கன்னடம். என்னோடு சேர்த்ததில் அவளுக்கு மகிழ்ச்சி என்பதையும் பதிவு செய்ய வேண்டும். "நம்ம அங்கிளுக்குக் கோர்ட்டு பூரா தெரியும் கணே" என்று தோழியிடம் பெருமையடித்தாள்.

வழக்கு இதுதான். ஒருவர் வீட்டுத் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து அடுத்த வீட்டுக் காரின் கண்ணாடி உடைந்தது. மரத்துக்காரரே பொறுப்பு என்றது கீழ்க் கோர்ட். மேல்முறையீட்டில் நாங்கள் மரத்துக்காரர் பக்கம். சட்டப் பிரிவுகளை ஸ்நேஹா தேடித் தந்தாள், நான் எழுதினேன். படித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாம் பக்கத்தில் மார்க்கரை மூடினாள்.

"அங்கிள், நாம யார் பக்கம்?"

"மரத்துக்காரர் பக்கம்."

"மத்தே, அஞ்சுலேந்து பதினொண்ணாம் பக்கம் வரைக்கும் கார்க்காரருக்கு ஏன் எழுதியிருக்கீங்க?"

எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு வரியும் அச்சேற்றியதில்லை, இதில் கார்க்காரரிடம் நியாயம் கொஞ்சம் கூடுதல் என்பதால் இடமும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது என்று விளக்கினேன். "அதை அவங்க எழுதுவாங்க, நீங்க சும்னே இருங்க!" என்றாள்.

மாற்றி எழுத நேரமில்லை, மாமா. மறுநாள் காலை பதினொரு மணிக்குள் கொடுக்க வேண்டும், இருபது பக்கத்துக்கு மேல் கூடாது, எங்களிடமோ இருபத்தொன்று. ஸ்நேஹா ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு போனில் "ஒரு பக்கம் கம்மி பண்ணுங்க அங்கிள், சீக்கிரம்!" என்று கத்துகிறாள், செய்தி நீண்டுவிட்டால் எங்கள் பத்திரிகை ஆபீசில் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள், முக்கியமானதெல்லாம் மேலேயே வந்திருக்கும், நானும் அந்தப் பழக்கத்தில் கடைசிப் பக்கத்தை வெட்டினேன். வாதுரையில் கடைசிப் பக்கத்தில்தான் கோர்ட்டிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதே இருக்குமாம்.

நேற்று முதல் சுற்று. நீதிபதி இருக்கையில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி விஜய்குமார். "இந்தக் கோர்ட் உங்களுக்கு என்ன செய்யணும்?" என்றார். புரட்டிப் பார்த்துவிட்டு, "எதுவும் கேட்கவில்லை மை லார்டு" என்று உள்ளதைச் சொன்னேன். ஸ்நேஹா கண்ணை மூடிக்கொண்டாள். சமாளிக்க வேண்டி, நெற்றுத் தேங்காய் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, மரமேறி ஒருவரே அப்படிச் சொன்னார் என்றேன்.

"கீழ்க் கோர்ட் பதிவுல எந்தப் பக்கத்துல இருக்கு?"

"பதிவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கேட்டேன்."

மேல்முறையீட்டில் இப்படிப் புதுச் சாட்சியைக் கொண்டுவர முடியாது என்பது அந்த அறையில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அவர் பேராவது சொல்லுங்க."

"பெயர் வெளியிட விரும்பவில்லை, மை லார்டு."

அடுத்து எதிரணிப் பையன் பரத்வாஜ் எழுந்தான். "எங்க வாதத்தை அங்கிளே அஞ்சாம் பக்கத்துல சொல்லிட்டாங்க. அதையே ஏத்துக்கறோம்" என்று இரண்டு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டான்.

எங்களுக்குப் பதினொரு மதிப்பெண். வெளியே வந்து ஸ்நேஹா திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஆகவே, வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஆசிரியை சைத்ரா மேடத்திடம், அவளுக்கு வேறு ஜோடி தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டுச் சட்டத்துக்கு முழுக்குப் போடுகிறேன். "மண்டிக்கு வந்துரு மாப்ள, மக்காச்சோளம் எதுத்துப் பேசாது" என்று தாங்கள் முன்பு தங்கள் தானிய மண்டிக்கு அழைத்ததை ஏற்று, ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லோரும் சட்டம் படிக்காமல் நீடு வாழ என் ஆசிகள்.

தங்கள் மைத்துனன்,
அய்யாவு

பி.கு.: வெள்ளி மாலை. இதைத் தபாலில் சேர்க்குமுன் காலையில் கல்லூரிக்குப் போனேன். ஜோடியை மாற்ற விதியில்லை என்றார் சைத்ரா மேடம். இரண்டாம் சுற்றில் அணிகள் பக்கம் மாறும், அவரவர் கொடுத்த வாதுரைகளையே வைத்து வாதாட வேண்டும் என்றும் அப்போதுதான் அறிவித்தார். நாங்கள் இப்போது கார்க்காரர் பக்கம். ஸ்நேஹா மார்க்கரைத் திறந்து ஐந்திலிருந்து பதினொன்று வரை மஞ்சள் பூசினாள். தாழ்வாரத்தில் பரத்வாஜ் ஓடி வந்து, "அங்கிள், மரத்துக்காரருக்கு உங்ககிட்ட ஏதாவது பாயிண்ட் இருக்கா?" என்றான். "இருந்தால் எழுதியிருக்க மாட்டேனா?" என்றேன். மதியம் இரண்டாம் சுற்றில் நீதிபதி மறுபடி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "எதுவும் வேண்டாம் மை லார்டு, கீழ்க் கோர்ட் தீர்ப்பு அப்படியே இருந்தால் போதும்." முப்பத்தெட்டு மதிப்பெண், பழைய பதினொன்றோடு நாற்பத்தொன்பது, தேர்ச்சி. ஸ்நேஹா அங்கேயே நின்று அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

எழுதியதைக் கிழிக்கும் வழக்கம் எனக்கில்லை. எனவே மேலே "முழுக்குப் போடுகிறேன்" என்றிருப்பதைப் "போடவில்லை" என்றும், "ஞாயிறு வருகிறேன்" என்றிருப்பதை "வரவில்லை" என்றும் திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.