மஞ்சக்கோடு மாமாவும் நாலாம் நம்பர் பெட்டியும்

பஸ் ஏறினால் வாந்தி எடுக்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் உலகத்திலேயே அதிகம் சுழலும் ரோலர் கோஸ்டரைக் கட்டிவிட்டு, சிதம்பரத்தில் பஸ் ஏறி ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்த ஒரே மனிதர் எங்கள் மஞ்சக்கோடு மாமாதான். இதில் பின்பாதிக்கு பஸ் முழுக்கச் சாட்சி உண்டு. முன்பாதிக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

2009-ல் நான் சிதம்பரத்தில் குடியிருந்துகொண்டு கடலூரில் வேலை பார்த்தேன். தினமும் காலை ஏழே முக்கால் பஸ். அதே பஸ்ஸில் முதுநகர் பட்டறை ஒன்றுக்கு ஃபிட்டர் வேலைக்குப் போனவர் அவர். நாற்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு. இடது கையில் மூக்குக்கு நேராக ஓர் எலுமிச்சம்பழம், வலது கையில் ஸ்பேனர், சட்டைப் பையில் மஞ்சள் மார்க்கர்.

ஸ்பேனர் எதற்கென்றால், ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஏறியதும் சீட்டை மூன்று முறை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் குனிந்து நட்டை முடுக்கி, நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடுமாம். அவர் கட்டியதாகச் சொன்ன அந்த வெளிநாட்டு ராட்டினத்தில் எல்லா நட்டுக்கும் இப்படித்தான் கோடு போட்டார்களாம். எங்கள் பஸ்ஸில் பாதி சீட்டுகளில் மஞ்சள் கோடு, டீக்கடை பெஞ்சில் கோடு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே அவர் நாற்காலிக்கு அடியில் மாமா புகுந்துவிட்டார். மோதிரம்தான் விழுந்துவிட்டது என்று நினைத்துப் பெண்வீட்டார் நாலு பேரும் கூடவே புகுந்துவிட்டார்கள்.

“மாமா, அது இன்னா வண்டி, இன்னொரு வாட்டி சொல்லு” என்று தினமும் ஆரம்பித்து வைப்பவன் நான்தான்.

“தண்டவாளத்து மேல போவும் மச்சான். ரெண்டு பக்கமும் றெக்கையாட்டம் சீட்டு தொங்கும். வண்டி தலகீழா போவும்போதே சீட்டு தனியா குட்டிக்கரணம் போடும். உலகத்துலயே ஜாஸ்தி சுத்துறது அதான். ரெக்கார்டு!”

“நீ ஏறுனியா?”

“நம்மள எங்க ஏத்துனாங்க? மொதல்ல தண்ணி ரொப்புன பொம்மைங்கள உக்கார வெச்சு ஓட்டிப் பார்த்தாங்க. அதோட காண்ட்ராக்ட் முடிஞ்சிபோச்சு, பிளேன் ஏத்திட்டாங்க.”

“ஒரு போட்டோ கூடவா இல்ல?”

“உள்ள போன் எடுத்துனு போவக் கூடாது மச்சான்.”

“அந்தப் பொம்மைங்களாச்சும் வாந்தி எடுக்காம வந்துச்சா?” என்பார் கண்டக்டர். பஸ் குலுங்கிச் சிரிக்கும். மாமாவும் கூடச் சிரித்துவிட்டு, பழத்தை மோந்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “நீயாச்சும் நம்புறியா மச்சான்?”

“அட, நம்பாம இன்னா மாமா” என்றேன். பொய்தான். அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அந்த மே மாதம் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி. என் ஏழு வயது மகளுக்கு ‘பிரேக் டான்ஸ்’ ராட்டினம் ஏற ஆசை. பெரிய வட்டத் தட்டு ஒன்று சுற்றும், அதன் மேல் பெட்டிகள் தனித்தனியாகவும் சுற்றும். சாயங்காலம் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் என் ஆபீஸ் மேனேஜர் குடும்பத்தோடு நின்றார். அப்போது தட்டின் மேல் ஒரு சத்தம்.

“வண்டிய ஓட்டாதீங்க! நாலாம் நம்பர் பெட்டியில தடுப்புக் கம்பி நட்டு நகர்ந்திருக்கு. நட்டு மூடியிருந்த மரை புதுசா மினுக்குது பாருங்க!”

மஞ்சக்கோடு மாமா. அவருக்குப் பொருட்காட்சி என்றால் நட்டு பார்க்கிற இடம்.

ராட்டினத்துக்காரர் ஓடிவந்து ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டார். “யோவ், யாருய்யா நீ? கைய வெச்சீன்னா போலீஸ கூப்புடுவேன்.”

“நான் வெளிநாட்டுல இதவிடப் பெரிய வண்டி மாட்டுனவன்” என்றார் மாமா. கூட்டம் சிரித்தது. அவர் கண் என் மேல் விழுந்தது. “அதோ, எங்க மச்சான் நிக்கிறாரு. அவர கேளுங்க.”

“இன்னா சார், நெசமா?” என்றார் ராட்டினத்துக்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள், மேனேஜர் உட்பட.

“தெரியலைங்க. பஸ்ஸுல பார்த்திருக்கேன், அவ்ளோதான்” என்றேன்.

மாமா நேராகப் போய் நாலு டிக்கெட் வாங்கிவந்தார். நாலாம் நம்பர் பெட்டியில் என் மகள் கால் வைக்கப்போன நேரம், அவர் ஏறி நடுவில் உட்கார்ந்துகொண்டார். “நாலு சீட்டும் என்னுது பாப்பா.” மகள் அழுதாள். அவளை வேறு பெட்டியிலும் ஏற்றாமல் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாய்தான் தெரியாது என்றது, கை விடவில்லை.

முதல் சுற்றிலேயே எலுமிச்சம்பழம் பறந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் மாமாவின் முகம் வெளுத்தது. ஒவ்வொரு முறை நின்றதும் இன்னும் நாலு டிக்கெட்டுக்குக் காசை நீட்டினார்.

“எறங்குய்யா, செத்துகித்துப் போயிடப் போற!” என்றார் ராட்டினத்துக்காரர்.

“மாட்டேன். நான் எறங்குனா புள்ளைங்க ஏறும்.”

நாலாவது சுற்று முடிந்து, ராட்டினத்துக்காரர் அவரை இழுத்துப்போட வந்தபோது, மாமா அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்க வாந்தி எடுத்தார். “அடச்சீ!” என்று ராட்டினத்துக்காரர் தடுப்புக் கம்பியைப் பிடித்துத் தள்ளினார். கம்பி கையோடு வந்துவிட்டது. நட்டு பலகையில் உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

சிரித்த கூட்டம் தட்டை விட்டுப் பின்னால் நகர்ந்தது. ராட்டினத்துக்காரர் கையைக் காட்டி மோட்டாரை அணைக்கச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “யாருங்க இவரு?”

“எங்க மாமா!” என்றேன். மேனேஜருக்கு மட்டுமல்ல, மைதானத்துக்கே கேட்டிருக்கும். “உலகத்துலயே ஜாஸ்தி சுத்துற வண்டிய மாட்டுனது இவருதான்!”

பெட்டிக்குள் சரிந்து கிடந்த மாமா கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கினார்.

“எட்டு சீட்டு மட்டும்தான் மச்சான். மீதிய வேற ஆளுங்க மாட்டுனாங்க.”

கதை விடுகிற ஆள் இந்த நிலைமையில் கணக்கைக் குறைத்துச் சொல்வானா? அந்த நொடியில்தான் நான் அவரை நம்பினேன். அதுவரை நம்பாததற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

தட்டுக்கு அடியில் தேடி எலுமிச்சம்பழத்தை என் மகள் எடுத்து வந்தாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை மூன்று முறை ஆட்டிப் பார்த்துவிட்டு மாமாவை உட்கார வைத்தேன். அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். சிதம்பரம் வரும்வரை அந்தப் பழத்தை அவர் மூக்குக்கு நேராக நான் பிடித்துக்கொண்டே வந்தேன்.